ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: பிளட் தின்னரைத் தொடர்வதா, இதயத்தில் டிவைஸ் வைப்பதா? முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பது தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. போன வருடம் இரண்டு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை, மூன்றாம் நாள் மயங்கி விழுந்தபோதுதான் தெரிந்தது. ஹீமோகுளோபின் 7. ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு டாக்டர் வந்து, "இவங்களுக்கு இனிமே பிளட் தின்னர் ஒத்துவராது, இதயத்துல ஒரு டிவைஸ் வெச்சுடலாம், அப்புறம் மாத்திரையே தேவையில்லை, ரெண்டு நாள்ல யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு நாளும் நானும் அண்ணனும் தூங்கவில்லை. டிவைஸ் நல்லதா கெட்டதா என்றே பேசிக்கொண்டிருந்தோம், அதுதான் எங்கள் தவறு. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: ரத்தம் ஏன் கசிந்தது, அந்தக் காரணத்தைச் சரிசெய்ய முடியுமா முடியாதா? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் மாத்திரையா டிவைஸா என்ற குழப்பத்தில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். இதே இடத்தில் நிற்கும் குடும்பங்களுக்காக, எதை முதலில் பார்ப்பது, எதை யாரிடம் கேட்பது என்று எழுதுகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும், அதனால் ரத்தம் அங்கங்கே தேங்கும். இடது மேலறையின் ஓரத்தில் காது மடல் போல ஒரு சின்னப் பை ஒட்டிக்கொண்டிருக்கிறது, டாக்டர்கள் அப்பெண்டேஜ் என்பார்கள். ரத்தம் அதிகம் தேங்குவது அங்கேதான். வால்வு நோய் இல்லாதவர்களுக்கு மேலறையில் உருவாகும் ரத்தக் கட்டிகளில் சுமார் 90 சதவீதம் அந்தப் பைக்குள்தான் காணப்பட்டிருக்கின்றன. அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் பக்கவாத அபாயம் சுமார் ஐந்து மடங்கு என்பது பல காலமாகத் தெரிந்த கணக்கு. பிளட் தின்னர் மாத்திரை உடம்பு முழுவதும் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. டிவைஸ் அந்த ஒரு பையின் வாயை மட்டும் அடைக்கிறது.

இதிலிருந்தே இரண்டு விஷயம் வந்துவிடுகிறது, ஆனால் ஆஸ்பத்திரியில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. டிவைஸ் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் குணப்படுத்தாது. படபடப்பு, மூச்சு வாங்குவது, நாடித்துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை எல்லாம் அப்படியே தொடரும். அடுத்தது, கழுத்து ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பிலிருந்தோ, பலவீனமான கீழறையிலிருந்தோ வரும் கட்டிக்கும் அந்த டிவைஸுக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் வேலை: பக்கவாத அபாயம் எவ்வளவு

இதற்கு சாட்ஸ்-வாஸ்க் என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். இதயச் செயலிழப்பு இருந்தால் 1, ரத்த அழுத்தம் 1, சர்க்கரை நோய் 1, மாரடைப்பு போன்ற ரத்தக்குழாய் நோய் 1, வயது 65 முதல் 74 வரை என்றால் 1, 75 அல்லது அதற்கு மேல் என்றால் 2, ஏற்கெனவே பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்திருந்தால் 2, பெண் என்றால் 1. ஆண்களுக்கு 2, பெண்களுக்கு 3 என்ற இடத்திலிருந்து பிளட் தின்னர் அவசியம் என்று அமெரிக்க வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024இல் பெண் என்பதற்கான அந்த ஒரு மதிப்பெண்ணை எடுத்துவிட்டது, அதனால் இரண்டு டாக்டர்கள் இரண்டு எண் சொன்னால் பயப்பட வேண்டாம். அம்மாவுக்கு வயது 76, ரத்த அழுத்தம், சர்க்கரை, பெண் என்று கூட்டினால் 5. அப்படியென்றால் "ரத்தம் கசிந்துவிட்டது, இனி எதுவும் வேண்டாம், கடவுள் விட்ட வழி" என்று விட்டுவிட முடியாது, ஏதாவது ஒரு பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். ஆஸ்பிரின் அந்தப் பாதுகாப்பு ஆகாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிளட் தின்னருக்குப் பயந்து ஆஸ்பிரினில் நிற்கும் வயதானவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2011இல் வந்த அவெரோஸ் ஆய்வில் அபிக்ஸபான் எடுத்தவர்களுக்கு ஆஸ்பிரின் எடுத்தவர்களைவிடப் பக்கவாதம் பாதிக்கும் கீழே குறைந்தது, பெரிய ரத்தக்கசிவோ இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

இரண்டாவது வேலை, இதுதான் முக்கியம்: மாத்திரை ஏன் முடியாது?

பிளட் தின்னர் வேண்டாம் என்று சொல்பவர்களின் காரணங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணமாகத்தான் இருக்கும்.

எங்கள் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்டோஸ்கோபியில் வயிற்றுப்புண் தெரிந்தது. அதன்பிறகு அம்மாவிடம் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டபோதுதான், முட்டி வலிக்காக மூன்று மாதமாகத் தினமும் டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது. "அது வெறும் வலி மாத்திரைதானே, இதய மாத்திரை இல்லையே" என்றார். பிளட் தின்னரோடு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளைச் சேர்த்து எடுப்பது வயிற்றில் ரத்தக்கசிவை வலியக் கூப்பிடுவது. அவரை நாங்கள் குறை சொல்லவே முடியாது, இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆக, மாத்திரைப் பெட்டியை மொத்தமாகக் கவிழ்த்துப் பாருங்கள். யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த ஆஸ்பிரின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா, ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த க்ளோபிடோக்ரெல் (ஆஸ்பிரின் மாதிரியே ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் மருந்து) காலம் முடிந்தும் நிறுத்தப்படாமல் இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மூலிகைச் சூரணம் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வயிற்றுப்புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் கிருமி காரணமா என்று பரிசோதித்து, இருந்தால் மருந்து கொடுத்து ஒழித்துவிடலாம். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வகை மாத்திரையைக் கூடவே கொடுத்தால் மேல்வயிற்றுக் கசிவு குறையும். மூலம் என்றால் மூலத்துக்கு வைத்தியம் இருக்கிறது. ரத்த அழுத்தம் 170, 180 என்று ஓடிக்கொண்டிருந்தால் மூளையில் ரத்தம் கசியும் அபாயத்தை அதுவே ஏற்றிவிடும், அதை இறக்கினாலே பாதிப் பாரம் குறைந்தது. குடிப்பழக்கமும் இந்தக் கணக்கில் வரும். ஹாஸ்-ப்ளெட் என்று ரத்தக்கசிவு அபாயத்துக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. அதில் எண் கூடினால் மாத்திரையை நிறுத்து என்று அர்த்தமில்லை, எந்தெந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று காட்டுவதற்காகத்தான் அது.

சிலருக்கு மாத்திரை முடியாது என்பதன் உண்மையான அர்த்தம் "வார்ஃபரின் முடியாது" என்பதுதான். வார்ஃபரின் 1954இலிருந்து மனிதர்களுக்குக் கொடுக்கப்படுகிறது, பக்கவாதத்தைச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது, நல்ல மருந்துதான். ஆனால் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை எண் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும், கீரையில் இருக்கும் வைட்டமின் கே, ஆன்டிபயாட்டிக், காய்ச்சல் என்று எதற்கெல்லாமோ அது ஏறி இறங்கும். வார்ஃபரினில் ரத்தம் கசிந்தவர் நேரே டிவைஸுக்குப் போக வேண்டியதில்லை, நடுவில் இன்னொரு படி இருக்கிறது. டபிகட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடோக்ஸபான் என்ற புது வகைகளில் மண்டைக்குள் ரத்தக்கசிவு வார்ஃபரினோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான். அதற்குள்ளேயும் வித்தியாசம் உண்டு. வயிறு பலவீனமானவர்களுக்குப் பல டாக்டர்கள் அபிக்ஸபானையே விரும்புகிறார்கள். டபிகட்ரான் நெஞ்செரிச்சல் தரும், பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், அதனால் சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியவர்களுக்குக் கவனம் தேவை.

அளவும் சரியா என்று பாருங்கள். அபிக்ஸபானை 5 மில்லிகிராமிலிருந்து 2.5க்குக் குறைக்க மூன்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். "வயசானவங்க, எதுக்கும் கம்மியாவே கொடுப்போம்" என்று ஒன்று மட்டும் இருக்கும்போதே குறைத்தால் பாதுகாப்பும் குறைந்துவிடும்.

அப்புறம் "கீழே விழுந்துவிடுவார்கள்" என்ற பயம். எங்கள் சொந்தத்தில் எல்லோரும் சொன்ன முதல் காரணம் இதுதான். 1999இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, விழுவதால் மண்டைக்குள் ரத்தம் கட்டும் ஆபத்து வார்ஃபரினின் நன்மையைத் தாண்ட வேண்டுமென்றால் ஒருவர் வருடத்துக்குச் சுமார் 295 முறை விழ வேண்டும். அது ஒரு மாதிரிக் கணக்குதான், அப்படியே எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை, ஆனாலும் எப்போதாவது தடுக்கி விழுகிற ஒரே காரணத்துக்காகப் பாதுகாப்பை விட்டுவிடக் கூடாது. குளியலறையில் கைப்பிடி போடுங்கள், தூக்க மாத்திரை இருந்தால் டாக்டரிடம் பேசிக் குறையுங்கள்.

சரி, சரிசெய்யவே முடியாத காரணங்களும் இருக்கின்றன. மூளையின் சின்ன ரத்தக்குழாய்களில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து சுவர் நொறுங்கிப்போகும் ஒரு நோய் உண்டு. எம்ஆர்ஐயில் சின்னச் சின்னக் கசிவுப் புள்ளிகளாகத் தெரியும், திரும்பத் திரும்ப மூளையில் கசியும். குடலில் அங்கங்கே பலவீனமான ரத்தக்குழாய்கள் இருந்து, ஒன்றைக் கருக்கினால் இன்னொன்று கசிகிற நோயாளிகள் உண்டு. முற்றிய கல்லீரல் நோய், ரத்தத் தட்டணுக்கள் நிரந்தரமாக மிகக் குறைவாக இருப்பது, இவையும் இந்த வகை. டிவைஸ் என்ற பேச்சு நியாயமாகத் தொடங்க வேண்டிய இடம் இதுதான். என் பெரியப்பாவுக்கு மூளையில் இரண்டு முறை ரத்தம் கசிந்தது, அமிலாய்டு என்றார்கள், அவருக்கு டிவைஸ் வைத்தார்கள், அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

டிவைஸ் வைப்பது எப்படி நடக்கும்

அதிகம் பேசப்படுவது வாட்ச்மேன். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதற்கு 2015இல் அனுமதி கொடுத்தது, மேம்படுத்திய வாட்ச்மேன் எஃப்எல்எக்ஸுக்கு 2020இல், ஆம்ப்லாட்சர் ஆம்யுலெட் என்ற இன்னொன்றுக்கு 2021இல். வாட்ச்மேன் என்பது நிட்டினால் என்ற உலோகச் சட்டத்தின் மேல் மெல்லிய பாலியஸ்டர் துணி போர்த்திய ஒரு சின்னக் குடை மாதிரி. நிட்டினாலில் நிக்கல் இருக்கிறது, நிக்கல் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெஞ்சைத் திறப்பதில்லை. தொடையில் உள்ள சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு, வலது மேலறைக்கும் இடது மேலறைக்கும் நடுவிலுள்ள சுவரில் சின்னத் துளை போட்டு, அந்தப் பையின் வாயில் குடையை விரித்துவிடுவார்கள். உணவுக்குழாய் வழியாக விடும் எக்கோ கருவியில் பார்த்துக்கொண்டே செய்வார்கள். சுமார் ஒரு மணி நேரம் ஆகும், பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

சுலபமாகத் தெரிந்தாலும் இது இதயத்துக்குள் நடக்கும் வேலை. இதயத்தைச் சுற்றி ரத்தம் கோத்துக்கொள்வது, டிவைஸ் இடம் நழுவுவது, செய்யும்போதே பக்கவாதம் வருவது, தொடையில் ரத்தக்கட்டு, இவையெல்லாம் நடக்கக்கூடியவை. 2009இல் வந்த முதல் பெரிய ஆய்வான ப்ரொடெக்ட்-ஏஎஃப்பில் இதயத்தைச் சுற்றி ஆபத்தான அளவு ரத்தம் கோத்தது 100 பேரில் சுமார் 5 பேருக்கு. பிறகு டிவைஸும் மாறியது, டாக்டர்களின் கையும் பழகியது. இப்போது பெரிய பதிவேடுகளில் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வரும் பெரிய சிக்கல்கள் 100க்கு 1 முதல் 2 என்ற அளவில் இருக்கின்றன. பெண்களுக்கு ஆண்களைவிடச் சிக்கல் அதிகம் என்பதும் அந்தப் பதிவேடுகளில் தெரியவந்த ஒன்று. அதனால் "நீங்க இதுவரைக்கும் எத்தனை பேருக்கு வெச்சிருக்கீங்க, சிக்கல் எத்தனை பேருக்கு வந்துச்சு" என்று செய்யப்போகும் டாக்டரிடமே கேளுங்கள். மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்கள், நல்ல டாக்டர் எண்ணைச் சொல்லியே பதில் தருவார்.

எங்களிடம் யாரும் விளக்காத விஷயம் ஒன்று உண்டு: டிவைஸ் வைத்த மறுநாளே மருந்து நின்றுவிடாது. அந்தத் துணியின் மேல் உடம்பின் சொந்தத் திசு வளர்ந்து மூட மாதங்கள் ஆகும், அதுவரை அதன் மேலேயே ரத்தம் கட்டலாம். பழைய முறையில் 45 நாள் பிளட் தின்னரும் ஆஸ்பிரினும், பிறகு ஆறு மாதம் முடியும்வரை க்ளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும், அதன்பின் ஆஸ்பிரின் மட்டும். அந்த 45 நாள் பிளட் தின்னருக்குப் பதிலாக முதலிலிருந்தே ஆறு மாதம் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் கொடுக்கும் முறைக்கும் வாட்ச்மேன் எஃப்எல்எக்ஸுக்கு 2022இல் எஃப்டிஏ இடம் கொடுத்தது. இரண்டு மருந்து சேர்ந்தால் அதுவும் ரத்தக்கசிவு ஆபத்துதான். வயிற்றில் நேற்று கசிந்தவருக்கு அந்த ஆறு மாதத்தை எப்படிக் கடப்பது என்று டாக்டரிடம் திட்டம் இருக்கிறதா? "மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால், சம்மதத் தாளில் கையெழுத்துப் போடும் முன் கட்டாயம் கேளுங்கள். 45 நாள் வாக்கில் மறுபடி எக்கோ எடுத்து, ஓரத்தில் கசிவு இருக்கிறதா, மேலே கட்டி உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். டிவைஸ் மேல் கட்டி உருவாவது 100 பேரில் சுமார் 3 அல்லது 4 பேருக்கு நடக்கிறது, அப்போது திரும்பவும் பிளட் தின்னர்தான்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால்

வார்ஃபரினோடு ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகளின் ஐந்து வருட முடிவுகளைச் சேர்த்து 2017இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் டிவைஸ் சளைக்கவில்லை. மூளையில் ரத்தம் கசியும் பக்கவாதம் டிவைஸ் பக்கம் நன்றாகவே குறைந்தது, ஆனால் ரத்தம் அடைத்து வரும் பக்கவாதம் எண்ணிக்கையில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது, அதைத் தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புது மாத்திரைகளோடு ஒப்பிட்டது செக் நாட்டின் ப்ராக்-17 ஆய்வு, 2020இல் வந்தது, 402 நோயாளிகள், அதிலும் டிவைஸ் சளைக்கவில்லை. 2024இல் ஆப்ஷன் என்ற ஆய்வு 1,600 பேரிடம் நடந்தது, எல்லோரும் அப்லேஷன், அதாவது தப்பான துடிப்பைக் கிளப்பும் இதயத் திசுவைக் கதீட்டர் வழியாகச் செயலிழக்க வைக்கும் சிகிச்சை, செய்துகொண்டவர்கள். மூன்று வருடத்தில் மரணமும் பக்கவாதமும் சேர்த்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். டிவைஸ் வைக்கும் செயல்முறையோடு சம்பந்தமில்லாத ரத்தக்கசிவு டிவைஸ் பக்கம் 8.5 சதவீதம், மாத்திரை பக்கம் 18.1 சதவீதம். ஆனால் 2025 நவம்பரில் ஜெர்மனியிலிருந்து வந்த க்ளோஷர்-ஏஎஃப், பக்கவாதம் ரத்தக்கசிவு இரண்டுக்குமே அதிக அபாயமுள்ள சுமார் 900 முதியவர்களைப் பார்த்தது, அதில் மருந்துச் சிகிச்சைக்கு டிவைஸ் சளைத்ததல்ல என்று நிரூபிக்க முடியவில்லை. வயதும் நோயும் கூடியவர்களுக்குத்தான் டிவைஸ் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கூட்டத்திலேயே இப்படி ஒரு முடிவு வந்திருப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

2023இல் வந்த அமெரிக்க நெறிகளும் எச்சரிக்கையாகத்தான் பேசுகின்றன: சரிசெய்ய முடியாத காரணத்தால் நீண்டகால பிளட் தின்னர் கூடாதவர்களுக்கு டிவைஸ் நியாயமான வழி, ரத்தக்கசிவு அபாயம் அதிகமிருந்து நோயாளியே விரும்பினால் யோசிக்கலாம். ஐரோப்பிய நெறிகள் இன்னும் ஒரு படி பின்னால் நிற்கின்றன.

இயந்திர வால்வு வைத்தவர்களும், மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களும் இந்த விவாதத்துக்குள்ளேயே வர மாட்டார்கள், அவர்களுக்கு வார்ஃபரின் வகைதான். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்ட நோயாளிகளிடம் 2022இல் இன்விக்டஸ் ஆய்வு ரிவராக்ஸபானை வைத்துப் பார்த்தபோது பழைய மருந்தே நல்ல பலன் தந்தது. வேறு காரணத்துக்காக பைபாஸோ வால்வு ஆபரேஷனோ செய்யப்போகிறவர்கள் மட்டும் இன்னொன்றைக் கேட்டுவிடுங்கள்: ஆபரேஷனிலேயே அந்தப் பையையும் மூடிவிட முடியுமா? 2021இல் லாவோஸ்-3 ஆய்வில் அப்படி மூடியவர்களுக்குப் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் மாத்திரையையும் தொடர்ந்தார்கள்.

டாக்டரிடம் போகும்போது

இதயத்துக்குள் டிவைஸ் வைக்கும் டாக்டரிடம் மட்டும் பேசி முடிவெடுக்காதீர்கள். வயிற்றில் கசிந்திருந்தால் குடல் வைத்தியரும், மூளையில் கசிந்திருந்தால் நரம்பியல் டாக்டரும் சொல்வதைக் கேட்க வேண்டும், "திரும்பக் கசிய எவ்வளவு வாய்ப்பு" என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எல்லா மாத்திரைகளின் பட்டியல், கடைசி ஹீமோகுளோபின், கிரியேட்டினின், எடை, எண்டோஸ்கோபி அல்லது ஸ்கேன் ரிப்போர்ட், வார்ஃபரின் என்றால் ஐஎன்ஆர் நோட்டு எல்லாவற்றையும் கையில் கொண்டு போங்கள். நோயாளியின் மனதையும் கேளுங்கள். சிலருக்குப் படுத்த படுக்கையாகிவிடும் பயம்தான் பெரிது, சிலருக்குத் திரும்ப ரத்தம் ஏற்றுவது பெரிது, சிலர் தினமும் மாத்திரை போட மறந்தே போவார்கள். அபிக்ஸபான் மாதிரி மருந்து ஒரு நாளுக்குள் உடம்பிலிருந்து பெரும்பாலும் போய்விடும், அதனால் மறதி இங்கே சாதாரண விஷயமில்லை. பெட்டியில் நாள் வாரியாகப் பிரித்து வைத்தும் நடக்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முடிவெடுக்கும்வரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல்லில் கொஞ்சம் ரத்தம், தோலில் நீலத் திட்டு என்பதற்காகவெல்லாம் நிறுத்தக் கூடாது. கறுப்பு மலம், ரத்த வாந்தி, தலையில் அடி, திடீரென்று தாங்க முடியாத தலைவலி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது என்றாலும் அப்படித்தான், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு போங்கள், கடைசி மாத்திரை எப்போது போட்டார் என்பதையும் அங்கே கேட்பார்கள்.

அம்மாவுக்கு வலி மாத்திரையை நிறுத்தினோம், முட்டிக்குப் பாராசிட்டமாலும் உடற்பயிற்சியும் என்று ஆயிற்று. ஹெலிகோபாக்டர் இருந்தது, அதற்கு மருந்து முடித்தோம். புண் ஆறத் தொடங்கியதும், கசிவு நின்று இரண்டு வாரத்தில் அபிக்ஸபான் திரும்பத் தொடங்கினார்கள், கூடவே பான்டோபிரசோல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபினும் கிரியேட்டினினும் பார்க்கிறோம், கடைசியாகப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 11.8. டிவைஸ் பற்றி எழுதி வைத்த தாள் அவர் ஃபைலில் பின்பக்கம் அப்படியே இருக்கிறது. காரணமே தெரியாமல் இன்னொரு முறை கசிந்தால் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுவோம் என்று அம்மாவே சொல்லியிருக்கிறார்.